நிலத்தைத் தொடும் மின்னோட்டம்: மின்மாற்றிகளும் நிலப்பழுதும்

மும்முனை மின்சாரம் செல்லும் கம்பிகளுள் ஒன்று, தனக்கு வகுத்த வழியை விட்டு விலகி, நிலத்தையோ நிலத்தோடு தொடர்புடைய ஒரு பொருளையோ தொட்டுவிடுவது நிலப்பழுது எனப்படும். மின்வாரிய ஊழியர்கள் அன்றாடப் பேச்சில் இதனை எர்த் ஃபால்ட் என்பர். காற்றில் முறிந்த கிளை கம்பியின் மேல் சாய்வதும், விரிசல் கண்ட பீங்கான் இன்சுலேட்டர் வழியே கம்பத்தின் இரும்புக்கு மின்சாரம் பாய்வதும், மின்மாற்றியின் மேல் ஏறிய குரங்கு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தொட்டியையும் பற்றுவதும், அறுந்த கம்பி வயலில் கிடப்பதும் இப்பழுதின் வடிவங்களே. மேல்நிலைக் கம்பிகளில் நேரும் பழுதுகளில் பத்துக்கு ஏழு, இவ்வாறு ஒரு முனை மட்டும் நிலத்தைத் தொடுவதால் நேர்பவை என்பது மின்பொறியியல் பாடநூல்கள் தரும் பொதுக்கணக்கு. ஆகவே நிலப்பழுதின்போது மின்மாற்றி எவ்வாறு நடந்துகொள்கிறது என்னும் வினா, வல்லுநர்களுக்கு மட்டும் உரிய நுணுக்கமாக நில்லாமல், மின்கம்பிகளின் அடியில் வாழும் எல்லோருடைய உயிரையும் தொடும் வினாவாகிறது.

திருவண்ணாமலைக்கு இவ்வினா கூடுதலாகவே பொருந்தும். ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள பாறை மலையின் அடியில் அமைந்த இந்நகரைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளக் கிரிவலப் பாதை செல்கிறது. முழுநிலா நாள்தோறும் அப்பாதையிலும், கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது நகரம் முழுவதிலும், பல லட்சம் மக்கள் வெறுங்காலுடன் நடக்கின்றனர். திருவிழாவின் ஏழாம் நாளில் மாட வீதிகளில் பெரிய தேர் ஓடுகிறது. நகருக்கு வெளியே மாவட்டத்தின் வேளாண்மை பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியிருப்பதால், வயல்களுக்கு நடுவே பம்புசெட்டுகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றிகளும் பரவிக் கிடக்கின்றன. பாறை நிலம், வெறுங்கால், தேர், ஈர வயல் ஆகிய நான்கும் நிலப்பழுதின் கணக்கில் நேரடியாக இடம்பெறுபவை.

இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. மின்மாற்றியின் அடியிலுள்ள நிலமும் மின்சுற்றின் ஓர் உறுப்பு. அதே வேளையில், மின்மாற்றியின் சுருள்கள் இணைக்கப்பட்டுள்ள முறை, ஒரு பக்கத்தில் நேரும் நிலப்பழுதை மறுபக்கத்தில் உள்ளவர்களின் பார்வையிலிருந்து மறைத்துவிட வல்லது. ஆதலால் எர்த் அமைப்பைப் பேணுவது மின்மாற்றியைப் பேணுவதற்குத் துணையான சிறு வேலையன்று; மின்மாற்றியைப் பேணும் வேலையின் பாதி அதுவே.

நடுநிலைப் புள்ளி

மும்முனை மின்மாற்றியில் முனைக்கு ஒன்றாக மூன்று சுருள்கள் உண்டு. அவற்றின் ஒரு நுனியை ஒன்றாக முடிந்து, மறு நுனிகள் மூன்றையும் கம்பிகளாக வெளியே கொண்டுவந்தால் அது ஸ்டார் இணைப்பு. மூன்றும் கூடும் முடிச்சே நடுநிலைப் புள்ளி, அதாவது நியூட்ரல். ஒரு சுருளின் முடிவை அடுத்த சுருளின் தொடக்கத்தோடு சேர்த்து வளையமாக இணைத்தால் அது டெல்டா இணைப்பு. அதில் நடுநிலைப் புள்ளியே கிடையாது. நிலத்துக்குள் இறங்கிய மின்னோட்டம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். அது திரும்புவதற்குரிய வாயில் நடுநிலைப் புள்ளி. வாயில் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதே நிலப்பழுதின் தன்மையை முடிவு செய்கிறது.

நடுநிலைப் புள்ளியை நிலத்தோடு இணைக்காமல் விட்டால், பழுதுபட்ட முனையிலிருந்து நிலத்துக்குச் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிதாக இருக்கும். கம்பிகளுக்கும் நிலத்துக்கும் இடையே இயல்பாக உள்ள மின்தேக்குத்திறன் வழியே பாயும் சிறிதளவே அது. மின்வழங்கலை நிறுத்தாமல் தொடரலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் பழுதற்ற மற்ற இரு முனைகளின் மின்னழுத்தம் நிலத்தைச் சார்ந்து 1.73 மடங்காக உயர்கிறது. 11 கிலோவோல்ட் கம்பியில், இயல்பாக நிலத்துக்கு எதிராக 6350 வோல்ட் தாங்க வேண்டிய இன்சுலேட்டர் 11,000 வோல்ட்டைத் தாங்க நேர்கிறது. பழுதிடத்தில் தீப்பொறி விட்டுவிட்டு எழுமானால் அவ்வழுத்தம் மேலும் பல மடங்காகக் குதித்து, நலமாக இருந்த வேறோர் இடத்தையும் உடைத்துவிடும்.

இதற்கு மாற்றாக ஜெர்மானியப் பொறியாளர் வால்டெமார் பீட்டர்சன், முதல் உலகப்போர்க் காலத்தில், நடுநிலைப் புள்ளிக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு மின்தூண்டிச் சுருளை வைக்கும் முறையைக் கண்டார். கம்பிகளின் மின்தேக்குத்திறனுக்கு எதிராக அச்சுருள் பொருத்தமாக அளவிடப்பட்டால், இரண்டு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பழுதிடத்தில் தீப்பொறி தானே அணைகிறது. மத்திய ஐரோப்பிய நாடுகளின் பகிர்மானக் கம்பிகளில் இம்முறை இன்றும் பரவலாக உள்ளது. மின்னோட்டத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்த மின்தடையை இடையில் வைப்பது மற்றொரு முறை. அனல்மின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள் இவ்வாறே காக்கப்படுகின்றன, ஏனெனில் சில ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால் அவற்றின் இரும்பு உள்ளகமே உருகிவிடும்.

இந்தியாவின் மின்தொடர்களும் பகிர்மானக் கம்பிகளும் பெரும்பாலும் மேற்கொண்டிருப்பது நான்காவது முறை. நடுநிலைப் புள்ளியை இடையில் எதுவும் வைக்காமல் நேரே நிலத்தோடு பிணைப்பது. இதில் பழுது மின்னோட்டம் பெரிது. எனவே பழுதை உணரும் கருவியான ரிலே எளிதில் அதை அறிந்து, மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் செய்யும். பழுதற்ற முனைகளின் அழுத்தம், முனைக்கும் முனைக்கும் இடையிலான அழுத்தத்தில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டாமல் கட்டுக்குள் நிற்கும். இதை நம்பியே 11 கிலோவோல்ட் கம்பிகளில் 9 கிலோவோல்ட் அளவுள்ள இடிதாங்கிகள் பொருத்தப்படுகின்றன. துணை மின் நிலையத்தில் நடுநிலைப் புள்ளியின் எர்த் பட்டை துருப்பிடித்து அறுந்துவிட்டால், அந்த அமைப்பு ஒரே கணத்தில் நிலத்தொடர்பற்ற அமைப்பாக மாறிவிடுகிறது; அடுத்த நிலப்பழுதில் 9 கிலோவோல்ட் இடிதாங்கிகள் 11 கிலோவோல்ட்டை எதிர்கொண்டு வெடிக்கின்றன. வெடித்தது இடிதாங்கி, குற்றம் துருப்பிடித்த பட்டையினுடையது.

சுழி வரிசையும் சுருள்களின் இணைப்பும்

ஒரு முனையில் மட்டும் நேரும் பழுதைக் கணக்கிடும் வழியை 1918ஆம் ஆண்டு அமெரிக்க மின்பொறியாளர் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ வகுத்துத் தந்தார். சமநிலை குலைந்த மூன்று மின்னோட்டங்களையும் மூன்று தொகுதிகளின் கூட்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இயல்பான சுழற்சியில் அமைந்தது நேர் வரிசை. எதிர்ச் சுழற்சியில் அமைந்தது எதிர் வரிசை. மூன்று முனைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே திசையில் பாய்வது சுழி வரிசை. முதல் இரண்டு தொகுதிகளிலும் மூன்று மின்னோட்டங்களின் கூட்டல் சுழியாகிவிடுவதால் அவற்றுக்குத் திரும்பும் வழி தனியே தேவையில்லை. சுழி வரிசைக்கு அவ்வாறில்லை. மூன்றும் ஒருசேரப் பாய்வதால், அவை நியூட்ரல் வழியாகவோ நிலம் வழியாகவோ திரும்பினால்தான் ஓட முடியும். நிலப்பழுதின் அடையாளம் சுழி வரிசையே; எர்த் ஃபால்ட் ரிலே என்பது மூன்று முனைகளின் மின்னோட்டங்களையும் கூட்டிப் பார்த்து, மிச்சம் இருக்கிறதா என்று ஓயாமல் சோதிக்கும் கருவியே அன்றி வேறில்லை.

சுழி வரிசை மின்னோட்டத்துக்கு வழிவிடுவதா மறுப்பதா என்பதில் மின்மாற்றிகள் மூவகைப்படும். இருபுறமும் ஸ்டார் இணைப்பாகவும் இருபுறமும் நிலத்தோடு பிணைக்கப்பட்டும் உள்ள மின்மாற்றி அதனைக் கடத்திவிடும். தமிழ்நாட்டில் 110 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் துணை மின் நிலையங்களில் இத்தகைய மின்மாற்றிகள் பரவலாக உள்ளன. அங்கே 11 கிலோவோல்ட் பக்கத்தில் நேரும் நிலப்பழுது 110 கிலோவோல்ட் பக்கத்து எர்த் ரிலேயையும் உசுப்பக்கூடும் என்பதால், கீழ்ப்பக்க பிரேக்கர் முந்தித் திறக்கவும் மேல்பக்கம் பொறுத்திருக்கவும் ஏற்றவாறு ரிலேக்களின் நேரங்களைப் படிப்படியாக அமைக்க வேண்டியுள்ளது. ஒருபுறம் டெல்டாவும் மறுபுறம் நிலத்தோடு பிணைந்த ஸ்டாரும் உள்ள மின்மாற்றி, ஸ்டார் பக்கத்தில் சுழி வரிசைக்கு இடம் தந்து, டெல்டாவின் வளையத்துக்குள்ளேயே அதைச் சுற்றவிட்டு, அப்பாலுள்ள கம்பிகளுக்குக் கடத்தாமல் நிறுத்திவிடும். நடுநிலைப் புள்ளி எந்தப் பக்கமும் பிணைக்கப்படாத மின்மாற்றி அதற்கு வழியே விடாது.

மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தின் வடிவமும் இங்கே முக்கியமாகிறது. மூன்று தூண்கள் கொண்ட உள்ளகத்தில், மூன்று முனைகளின் காந்தப்பாயங்களும் ஒரே திசையில் எழும் சுழி வரிசையின்போது, அவை திரும்பிச் செல்ல நான்காவது தூண் இல்லாததால், எண்ணெயைக் கடந்து தொட்டியின் இரும்புச் சுவர் வழியே திரும்புகின்றன, தொட்டி சூடேறுகிறது. பழுது நீடித்தால் தொட்டியின் வண்ணப்பூச்சு கருகும் அளவுக்கு அச்சூடு செல்லக்கூடும். 230 கிலோவோல்ட்டை 110 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்களில் மூன்றாவதாக ஒரு டெல்டாச் சுருளும் வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே எந்தச் சுமையோடும் இணைக்கப்படாமல் இருந்தாலும், சுழி வரிசை மின்னோட்டம் சுற்றிவர இடம் தந்து, அது மின்மாற்றியின் நிலை குலையாமல் காக்கிறது.

கிராமத்து மின்மாற்றி மறைக்கும் பழுது

இரட்டைக் கம்பத்தின் மேல் அமர்ந்து, 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் 100 கே.வி.ஏ. பகிர்மான மின்மாற்றியை அருகே வைத்துப் பார்த்தால் இக்கோட்பாடு முழுவதும் கண்முன் விரியும். அதன் 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டா. 433 வோல்ட் பக்கம் ஸ்டார். நியூட்ரல் எர்த் குழிக்கு இறங்குகிறது. தாழ்வழுத்தப் பக்கத்தின் முழுச்சுமை மின்னோட்டம் முனைக்கு 133 ஆம்பியர். ஃபியூஸ் கம்பி அதற்கேற்பவே அமைந்திருக்கும். முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட் உள்ளது.

தாழ்வழுத்தக் கம்பி ஒன்று அறுந்து காய்ந்த செம்மண்ணில் விழுவதாகக் கொள்வோம். கம்பி மண்ணைத் தொடும் இடத்தின் தடையை 20 ஓம் என்றும் மின்மாற்றியின் எர்த் குழியின் தடையை 5 ஓம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 25 ஓம். 250 வோல்ட்டுக்குப் பாய்வது வெறும் 10 ஆம்பியர். நூற்றுக்கணக்கான ஆம்பியரில் உருக வேண்டிய ஃபியூஸ் இதனை ஒரு சில வீடுகளின் சுமையாகவே கருதி அசையாமல் இருக்கும். அதே வேளை அந்த 10 ஆம்பியர் எர்த் குழியின் 5 ஓமைக் கடக்கும்போது, நியூட்ரலின் அழுத்தம் நிலத்தைச் சார்ந்து 50 வோல்ட் உயர்கிறது. அந்த மின்மாற்றியைச் சார்ந்த தெருக்கள் எங்கும் நியூட்ரலோடு பிணைந்த இரும்பு அனைத்தும் அந்த 50 வோல்ட்டைச் சுமந்து நிற்கும்.

மேல்பக்கத்தில் நேர்வது இன்னும் கவலைக்குரியது. பழுதில் செலவாகும் ஆற்றல் 2500 வாட். 11,000 வோல்ட் பக்கத்தில் அது கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமாகத் தோன்றும். அதுவும் டெல்டாவின் காரணமாக, ஒரு கம்பியில் சென்று மற்றொரு கம்பியில் திரும்புவதால், மூன்று கம்பிகளின் கூட்டல் சுழியாகவே இருக்கும். பல கிலோமீட்டருக்கு அப்பால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் செல்லும் ஃபீடரை, அதாவது நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கிலோவோல்ட் கம்பியை, காக்கும் துணை மின் நிலையத்து எர்த் ரிலேக்கு இப்பழுது சிறிதாகத் தெரிவதில்லை; அறவே தெரிவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த ரிலேயைப் பொருத்தினாலும் இந்நிலை மாறாது, ஏனெனில் தடையாக நிற்பது கருவியின் குறை அன்று, சுருள் இணைப்பின் இயற்கை. கிராமத்துத் தாழ்வழுத்தக் கம்பியின் நிலப்பழுதைத் துணை மின் நிலையம் தானே கண்டுகொள்ளும் என்று நம்பியிருப்பது அடிப்படையிலேயே பிழையான நம்பிக்கை.

ஆகவே பாதுகாப்பு பழுதுக்கு அருகிலேயே அமைய வேண்டும். வீட்டிலும் பம்புசெட்டிலும் பொருத்தப்படும் நிலக்கசிவு காப்பு, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கிறது. ஃபியூஸ் கண்டுகொள்ளாத 10 ஆம்பியரில் முந்நூறில் ஒரு பங்கை அது கண்டுகொள்கிறது என்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும்.

நியூட்ரல் கம்பி அறுவதும் நிலப்பழுதுக்கு நெருங்கிய உறவுடையது. நியூட்ரல் அறுந்து, எர்த்தும் வலுவற்று இருந்தால், மூன்று முனைகளின் சுமைகளும் சமமாக இல்லாத நிலையில் நடுநிலைப் புள்ளி இடம் பெயர்ந்துவிடும். சுமை குறைந்த முனையில் உள்ள வீடுகளின் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும். ஒரே இரவில் தெரு முழுதும் மின்விசிறிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் எரிந்துபோகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இக்காரணமே இருக்கிறது. மின்மாற்றியின் நியூட்ரல் ஒன்றுக்கொன்று தனித்த இரண்டு இணைப்புகளால், தனித்தனி மின்முனைகளோடு நிலத்தில் பிணைக்கப்பட வேண்டும் என்று இந்திய மின்பாதுகாப்பு விதிகள் வலியுறுத்துவது இதனாலேயே.

மின்மாற்றிக்கு உள்ளே

பழுது மின்மாற்றிக்கு வெளியே நேரும்போது அதன் சுருள்கள் அப்பழுதின் முழு மின்னோட்டத்தையும் சுமக்கின்றன. 110/11 கிலோவோல்ட், 16 எம்.வி.ஏ. மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் 11 கிலோவோல்ட் பக்கத்தில் 840 ஆம்பியர். அதன் மின்னெதிர்ப்பு நூற்றுக்குப் பத்து எனில், நிலையத்தின் வாயிலிலேயே நேரும் பழுதில் 8000 ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். சுருள்களுக்கிடையே எழும் விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பத்து மடங்கு மின்னோட்டம் நூறு மடங்கு விசையாகிறது. ஒவ்வொரு பழுதும் சுருளின் கட்டைச் சிறிது தளர்த்திச் செல்கிறது; ஓராண்டில் பலமுறை கிளைகள் விழுந்து ட்ரிப் ஆகும் ஃபீடரைச் சுமக்கும் மின்மாற்றி, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் தன் ஆயுளை இழந்துகொண்டிருக்கிறது. எனவே மழைக்காலத்துக்கு முன் கம்பியோரக் கிளைகளை வெட்டும் தொழிலாளி, பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மின்மாற்றியையும் காக்கிறார்.

பழுது உள்ளேயே நேர்ந்தால் கண்டறிவது கடினம். ஸ்டார் சுருளில் நடுநிலைப் புள்ளிக்கு அருகே, சுருள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொலைவில், காப்பு கெட்டுத் தொட்டியைத் தொடுவதாகவும், முழுப் பழுதின் மின்னோட்டம் முழுச்சுமை அளவைத் தாண்டாதபடி நியூட்ரலில் மின்தடை வைத்திருப்பதாகவும் கொள்ளலாம். அங்கே இயக்கும் அழுத்தம் பத்தில் ஒன்று; ஆகவே பழுது மின்னோட்டமும் பத்தில் ஒன்று. அதில் ஈடுபடும் சுற்றுகளும் பத்தில் ஒன்றே ஆதலால், மறுபக்கச் சுருளில் அது நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இரு பக்கத்து மின்னோட்டங்களையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலே நூற்றுக்கு இருபது அளவில் விழிப்பதாக அமைக்கப்பட்டிருந்தால், இப்பழுது அதன் காதில் விழாது. இதற்கென்றே அமைந்தது வரம்புடை நிலப்பழுதுக் காப்பு. மூன்று முனைகளின் மின்னோட்டங்களோடு நியூட்ரல் மின்னோட்டத்தையும் சேர்த்து ஒப்பிடுவதால், மறுபக்கத்தில் நூற்றில் ஒன்றாகச் சுருங்கும் பழுதை நியூட்ரலில் பத்தில் ஒன்றாகவே அது கண்டுவிடுகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ட்ஸ் 1921இல் உருவாக்கிய ரிலே வேறு வழியில் இதே பணியைச் செய்கிறது. உள்ளே எழும் சிறு தீப்பொறியால் எண்ணெய் சிதைந்து வாயு கிளம்ப, அவ்வாயு தொட்டிக்கும் எண்ணெய்ச் சேமிப்புக் கலமான கன்சர்வேட்டருக்கும் இடையிலுள்ள குழாயில் தேங்கி, மிதவையைக் கீழிறக்கி எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்கிறது.

பாறை நிலமும் எர்த் குழியும்

மண்ணின் மின்தடை எண் ஊருக்கு ஊர் மாறுவது. ஈரக் களிமண்ணில் அது சில பத்து ஓம்-மீட்டராக இருக்க, கருங்கல் வகைப் பாறையில் ஆயிரங்களில் செல்கிறது. காவிரிக் கழிமுகத்தில் ஒரே குழாயை இறக்கிப் பெறும் எர்த்தைத் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் பெறுவதற்குப் பல குழாய்களும், ஆழ்துளை எர்த்தும், பென்டோனைட் போன்ற ஈரம் காக்கும் களிமண் நிரப்பும் தேவைப்படலாம். பெரிய துணை மின் நிலையங்களுக்கு 1 ஓம், பகிர்மான மின்மாற்றிகளுக்கு 5 ஓம் என்னும் அளவுகள் இந்தியாவில் வழக்கில் உள்ளன. எர்த் அமைப்புக்கான இந்தியத் தர நிர்ணய நெறிமுறை ஐ.எஸ். 3043 அளவிடும் முறைகளை விரித்துரைக்கிறது. நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் நட்டு, வெளியிரண்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளிரண்டுக்கும் இடையே அழுத்தத்தை அளந்து மண்ணின் மின்தடை எண்ணைக் காணும் வென்னர் முறை நூறாண்டு கடந்தும் இன்றுவரை பயன்படுகிறது.

எர்த் குழாயின் தடையில் பெரும்பகுதி, குழாயைச் சுற்றியுள்ள முதல் சில அடி மண்ணிலேயே அடங்கிவிடுகிறது. அந்தச் சில அடி மண் ஈரமாக இருக்கிறதா என்பதே முடிவானது. ஆகவேதான் கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற பழைய வழக்கம் அறிவியலோடு முழுதும் ஒத்தது. ஐப்பசி மழையில் 5 ஓம் காட்டிய குழி, சித்திரை வெயிலில் அதனினும் பல மடங்கு காட்டக்கூடும். மழைக்காலத்தில் மட்டும் அளந்து குறித்துக்கொள்ளும் பதிவேடு ஆபத்தை மறைக்கும் பதிவேடு.

நிலத்துக்குள் மின்னோட்டம் இறங்கும் இடத்தைச் சுற்றி நிலத்தின் மேற்பரப்பிலேயே அழுத்த வேறுபாடு உண்டாகிறது. இரு பாதங்களுக்கு இடையே தோன்றும் அழுத்தம் காலடி அழுத்தம். கைக்கும் பாதத்துக்கும் இடையே தோன்றுவது தொடு அழுத்தம். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதாலும், அவ்வழியே பாயும் மின்னோட்டம் நெஞ்சைக் கடப்பதாலும், மழைநாளில் கம்பத்தருகே மனிதர் தப்பிய இடத்தில் மாடு இறந்துபோகிறது. துணை மின் நிலையத்தின் அடியில் இரும்புப் பட்டைகளை வலைபோல் புதைத்து, மேலே கருங்கல் ஜல்லி பரப்புவது இவ்விரு அழுத்தங்களையும் குறைப்பதற்கே. கிரிவலப் பாதையில் செருப்பின்றி நடப்பவருக்கு ஜல்லியின் காப்பும் இல்லை, செருப்பின் காப்பும் இல்லை. எனவே அப்பாதையோர மின்மாற்றிகளின் எர்த்தும் விளக்குக் கம்பங்களின் எர்த்தும் மற்ற இடங்களைவிடக் கண்டிப்பான அளவுகோலால் அளக்கப்பட வேண்டியவை.

தேரும் கம்பியும்

உயரழுத்தக் கம்பி அறுந்து விழுந்தாலும் ரிலே உணராத நிலை உண்டு. அமெரிக்காவில் 12.5 கிலோவோல்ட் வகைக் கம்பிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், ஈரப் புல்லில் விழுந்த கம்பி சுமார் 50 ஆம்பியரும், காய்ந்த புல்லில் சுமார் 25 ஆம்பியரும் செலுத்தியது. தார்ச்சாலையிலும் காய்ந்த மணலிலும் கிடந்த கம்பி ஏறத்தாழ எதையுமே செலுத்தவில்லை. தார்ச்சாலையில் அசையாமல், பொறி கூட இல்லாமல் கிடக்கும் 11 கிலோவோல்ட் கம்பியில் 6350 வோல்ட் இருக்கக்கூடும். ‘தீப்பொறி வரவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை’ என்ற எண்ணம் உயிரைக் கொள்ளும் எண்ணம்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியைத் தொட்டதில் 11 பேர் இறந்தனர். தமிழ்நாட்டின் ஒவ்வொரு தேர் வீதியும் நினைவில் கொள்ள வேண்டிய நாள் அது. இத்தகைய தொடுதலில் பாதுகாப்புக் கருவிகளின் எல்லை எதுவென்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும். அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீலின் ஆய்வுப்படி, 50 கிலோ எடையுள்ள ஒருவர் இதயத்துடிப்பு குலையாமல் தாங்கக்கூடிய மின்னோட்டம் ஒரு வினாடிக்கு 116 மில்லி ஆம்பியர். கால் வினாடிக்கு 232 மில்லி ஆம்பியர். உடலின் தடையை வழக்கப்படி 1000 ஓம் எனக் கொண்டால், 11 கிலோவோல்ட் கம்பியின் 6350 வோல்ட் செலுத்துவது 6 ஆம்பியருக்கும் மேல். ரிலேயும் பிரேக்கரும் பிழையின்றிக் கால் வினாடியில் செயல்பட்டாலும், தாங்கும் அளவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டம் அதற்குள் உடலைக் கடந்துவிடுகிறது. ரிலே மின்மாற்றியைக் காக்கும். தேரைத் தொட்டு நிற்பவரை அது காக்காது. அவரைக் காப்பவை தேர் புறப்படும் முன் மின்சாரத்தை நிறுத்துவதும், நிறுத்திய கம்பியை எர்த் செய்து வைப்பதும், தேரின் உயரத்தையும் சாலை மட்டத்தையும் ஆண்டுதோறும் புதிதாக அளப்பதும், வீதிகளில் கம்பியை நிலத்தடிக் கேபிளாக மாற்றுவதும் ஆகிய முன்னேற்பாடுகள் மட்டுமே.

ஒரு துணை மின் நிலையத்தில் நேரும் நிலப்பழுது ஒரு நாட்டையே இருளில் ஆழ்த்தவும் கூடும். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின் நிலையத்தின் மின்மாற்றியைக் குரங்கு ஒன்று தொட்டதே தொடக்கம் என்று அந்நாட்டின் எரிசக்தி அமைச்சர் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமையின் குறைந்த தேவையும், சூரிய மின்சாரத்தின் மிகுந்த பங்கும் சேர்ந்து, பழுதைத் தாங்கும் உறுதி மின்தொடரில் குறைந்திருந்தது. மலையும் குரங்குகளும் நிறைந்த திருவண்ணாமலையில், மின்மாற்றிக்குள் கம்பி நுழையும் பீங்கான் காப்புகளான புஷிங்குகளுக்குக் காப்புறை மாட்டுவது வீண்செலவாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி போதிய சான்று.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டில் 1957இல் தோன்றிய மின்வாரியம், 2010இல் பகிர்மானம், தொடரமைப்பு எனப் பிரிந்து, 2024இல் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. அமைப்புகளின் பெயர்கள் மாறினாலும் மண்ணின் மின்தடை மாறுவதில்லை. மின் பொறியாளர்கள் எர்த் அளவீட்டைக் கோடையின் உச்சத்தில் செய்வதும், அளவைக் கம்பத்திலேயே எழுதி மக்களின் கண்ணில் படச் செய்வதும் வேண்டும். கோயில் நிர்வாகமும் நகர நிர்வாகமும் தேரோட்டத்துக்கு முந்தைய அளவீட்டை விழாச் சடங்குகளுக்கு இணையான கட்டாயமாகக் கொள்ள வேண்டும். உழவர்கள் பம்புசெட்டில் நிலக்கசிவு காப்பைப் பொருத்த வேண்டும். எர்த் கம்பியை வெட்டி எடுப்பதையோ, உருகிய ஃபியூசுக்குத் தடித்த கம்பியைக் கட்டுவதையோ எவரும் பொறுத்துக்கொள்ளலாகாது.

அறுந்து கிடக்கும் கம்பியைக் காண்போர் அதிலிருந்து விலகி நின்று, மற்றவரையும் நெருங்கவிடாமல் தடுத்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். துணை மின் நிலையம் அறிய முடியாத பழுதை அறிந்து சொல்லக்கூடியவர் அவ்விடத்தில் நிற்கும் அந்த ஒருவரே.